சங்கத்தில் ஒரு வைத்திய நிதி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், ஆஸ்பத்திரிச் செலவுக்காக வட்டிக்கு வாங்கும் கடனைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: ஊர்க்காரர்களே சேர்ந்து வைத்தியத்துக்கென்று ஒரு நிதி வைத்துக்கொள்ள முடியுமா? ஓய்வு பெறும்வரை மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. அதில் பார்த்ததையும், மற்ற ஊர்களிலும் நாடுகளிலும் நடந்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன். கடிதம் எழுதியவர்கள் பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

அம்மா, எங்கள் ஊரில் மகளிர் குழுக்களில் 120 குடும்பங்கள் இருக்கிறோம். ஆளுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய் போட்டு, யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் 2,000 ரூபாய் கொடுக்கலாம் என்று பேசிக்கொள்கிறோம். கட்டுபடியாகுமா?
*குழுத் தலைவி ஒருவர், உசிலம்பட்டி*

போட்டுப் பார்ப்போம். 120 குடும்பம் என்றால் சுமார் 450 பேர். ஆளுக்கு 100 வீதம் 45,000 ரூபாய் சேரும். நூறு பேரில் வருஷத்துக்கு ஐந்து பேர் ஆஸ்பத்திரியில் தங்க நேரிடும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் 22, 23 பேர். ஒருவருக்கு 2,000 கொடுத்தால் 45,000 அப்படியே தீர்ந்துவிடும். ரசீதுப் புத்தகம் வாங்கக்கூட மிச்சமிருக்காது. முதல் வருஷம் 1,500 என்று ஆரம்பியுங்கள். 34,000 ரூபாய் அளவில் செலவாகி, 11,000 கையில் நிற்கும். அந்த மிச்சத்தைத் தொடாமல் இரண்டு வருஷம் வளரவிட்டால் பிறகு 2,000 ஆக்கலாம்.

ஆனால் இது எல்லாரும் சேர்ந்தால் வரும் கணக்கு. 'விருப்பமுள்ளவர்கள் சேரலாம்' என்று விட்டால் நெஞ்சுவலிக்காரர், சர்க்கரை முற்றியவர், ஏற்கெனவே ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர் வீட்டார்தான் முதலில் வருவார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, தேவை அவர்களுக்குத்தானே அதிகம். ஆனால் அப்படி 100 பேர் மட்டும் சேர்ந்து அதில் 15 பேர் படுத்துவிட்டால் வரவு 10,000, செலவு 22,500. ஆறு மாதத்தில் நிதி படுத்துவிடும். அதனால் மூன்று விதிகளை முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிவிடுங்கள். ரேஷன் கார்டில் உள்ள எல்லாப் பேருக்கும் கட்டினால்தான் அந்தக் குடும்பம் உறுப்பினர். குழுக் குடும்பங்களில் முக்கால் பங்காவது சேர்ந்த பிறகுதான் நிதி தொடங்கும். பணம் கட்டி ஒரு மாதம் கழித்துத்தான் உதவி கேட்கலாம், விபத்து மட்டும் விலக்கு.

இன்னொரு பயம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் ஊரில் டெங்கு பரவினால் 22 பேர் என்பது ஒரே மாதத்தில் 40 பேர் ஆகும். ஒரு ஊர் தனியாக வைத்திருக்கும் நிதி அதைத் தாங்காது. அதற்காகத்தான் பல ஊர்க் குழுக்கள் ஒரே வட்டாரச் சங்கமாகச் சேர்வது. உங்களுக்குப் பக்கத்திலேயே, தேனி மாவட்டத்தில் கடமலைக்குண்டு பக்கம், களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்களின் வட்டாரச் சங்கம் இப்படித்தான் தன் உறுப்பினர்களுக்கு மருத்துவக் காப்பீடு நடத்தியது. ஒரு ஊரில் காய்ச்சல் வந்தால் மற்ற ஊர்களின் பணம் அதைச் சுமக்கும். உங்கள் வட்டாரத்தில் கூட்டமைப்பு இருந்தால் நிதியை அங்கே வையுங்கள், ஊரில் வைக்காதீர்கள்.

அரசாங்கமே ஐந்து லட்சம் வரை காப்பீடு தரும்போது 1,500 ரூபாய் நிதிக்கு என்ன அவசியம்?
*வாசகர் ஒருவர், தருமபுரி*

நியாயமான கேள்வி. முதலில் ஒன்று: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுக்காதவர்கள் இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு அதை எடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், இவற்றோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் முதலமைச்சர் பெயரில் விரிவாகி, 2018-இல் பிரதமர் திட்டத்தோடும் இணைந்தது. இதய ஆபரேஷனையோ புற்றுநோய் சிகிச்சையையோ எந்த ஊர் நிதியும் தாங்காது. அதற்கு இந்த அட்டைதான்.

இப்போது உங்கள் கேள்வி. குழுக்களின் கடன் நோட்டில் 'வைத்தியம்' என்று எழுதியிருக்கும் தொகைகளைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழக்கம். லட்சக் கணக்கில் இருப்பது அபூர்வம். 3,000, 5,000, சில சமயம் 8,000. குழந்தைக்குக் காய்ச்சல், பக்கத்து டவுன் நர்சிங் ஹோமில் மூன்று நாள் டிரிப்ஸ். மாமியாருக்கு ஸ்கேன். கணவர் அரசு ஆஸ்பத்திரியில்தான் இருந்தார், வைத்தியம் இலவசம், ஆனால் கூட இருந்தவருக்குச் சாப்பாடு, தினம் பஸ், பத்து நாள் கூலி போனது. அட்டை என்பது பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில். நான் சொன்ன செலவுகளில் பெரும்பாலானவை அதற்குள் வராது. அந்த 5,000-க்குத்தான் நூற்றுக்கு மூன்று, நான்கு வட்டிக்கு வெளியே வாங்குகிறார்கள், ஆடு போகிறது, தோடு போகிறது.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. அதற்குக் கூடலூரைச் சொல்ல வேண்டும்.

நீலகிரி மாவட்டம் கூடலூரில் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் என்று பல ஆதிவாசி மக்கள் இருக்கிறார்கள். 1980-களின் நடுவில் அக்கார்டு என்ற அமைப்பு அங்கே வேலை தொடங்கியபோது முதல் பிரச்சினை நிலம்தான், நோய் அல்ல. ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவானதும் நில உரிமைக்காகத்தான். 1988 டிசம்பரில் கூடலூரில் நடந்த ஆதிவாசிகளின் ஊர்வலம் அந்த வட்டாரம் அதுவரை பார்க்காத ஒன்று. நிலத்துக்காகச் சேர்ந்து நின்று பழகிய அந்தச் சங்கத்தின் மேல்தான் பிறகு வைத்தியம் கட்டப்பட்டது. ஊர் ஊராகச் சுகாதாரப் பணியாளர்களைத் தயார் செய்தார்கள். 1990-இல் ஆதிவாசிகளுக்கென்று ஆஸ்பத்திரி வந்தது, ஆதிவாசிப் பெண்களே நர்ஸுகளாகப் பயிற்சி பெற்றார்கள். 1992-இல் காப்பீடு.

அதன் அமைப்பைக் கவனியுங்கள். சந்தாவைச் சங்கம் உறுப்பினர்களிடம் வசூலிக்கும். 2000-களின் தொடக்கத்தில் அது ஆளுக்கு ஆண்டுக்கு 25 ரூபாய் அளவில் இருந்தது. எல்லாருக்கும் சேர்த்து ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் ஒரே பாலிசி. தொடக்கத்தில் அது அரசுத் துறையின் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ். நோயாளி ஆதிவாசி ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் படிவம் நிரப்ப வேண்டாம், கையிலிருந்து கொடுத்துவிட்டுப் பிறகு வாங்க அலைய வேண்டாம். எழுத்து வேலை ஆஸ்பத்திரியோடு. பெரிய செலவு வந்தால் நஷ்டம் நிறுவனத்தோடு. வீட்டுக்குப் போய்ப் பேசுவது, சந்தா வாங்குவது, காய்ச்சல்காரரைக் கிளப்பிக் கூட்டி வருவது சங்கத்தோடு.

காப்பீட்டில் சேர்ந்த குடும்பங்களையும் சேராத குடும்பங்களையும் ஒப்பிட்டு 2010-இல் ஓர் ஆய்வு வெளியானது. சேர்ந்தவர்கள் ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றது சேராதவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 'இலவசமென்றால் சும்மா வந்து படுத்துக்கொள்வார்கள்' என்று யாராவது சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மலையில் வயிற்றுப்போக்கோடும் நிமோனியாவோடும் வீட்டிலேயே கிடந்தவர்கள் படியிறங்கி வந்திருக்கிறார்கள். அவர்களை வரவைத்தது பாலிசி மட்டும் அல்ல, தங்கள் மொழி பேசும் நர்ஸும், வாசலில் வந்து கூப்பிட்ட சங்கத்துப் பெண்ணும்தான். அரசு அட்டையால் பணம் தர முடியும். அந்தப் பெண்ணை உங்கள் சங்கம்தான் தர முடியும்.

எங்கள் சங்கத்து வைத்திய நிதிக்கு மூன்று வருஷமாகக் கட்டுகிறேன். கடவுள் புண்ணியத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை. கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டால் தரமாட்டேன் என்கிறார்கள். இது நியாயமா?
*உறுப்பினர் ஒருவர், மணப்பாறை*

திருப்பித் தர அந்தப் பணம் இப்போது இல்லை அம்மா, உங்கள் தெருவில் யாரோ ஒருவர் பிழைக்கச் செலவாகியிருக்கும். யாருக்கு, எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும், அதைச் சொல்லாதது உங்கள் சங்கத்தின் குறை. ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் உதவி பெற்ற குடும்பங்களின் பெயரும் தொகையும் வாசிக்கப்பட வேண்டும். நோயின் பெயரை வாசிக்கக் கூடாது. கருச்சிதைவு, காசநோய், மனநோய் என்று எத்தனையோ இருக்கும், ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. தொகை மட்டும் போதும். அடுத்த கூட்டத்தில் இதைக் கேளுங்கள்.

சமூகப்பணி படிக்கிறேன் மேடம். வெளிநாடுகளில் கிராம மக்களே நடத்திய மருத்துவக் காப்பீடு வெற்றி பெற்ற இடங்கள் உண்டா? இதை மட்டும் வைத்தே ஒரு நாடு முழுவதையும் காப்பாற்ற முடியுமா?
*மாணவி ஒருவர், கோயம்புத்தூர்*

இரண்டாவது கேள்விக்குப் பதில், முடியாது. ஏன் என்று ருவாண்டா சொல்லும்.

1994 இனப்படுகொலைக்குப் பின் ருவாண்டாவில் சுகாதார நிலையங்கள் சில காலம் வெளிநாட்டு உதவியில் இலவசமாக நடந்தன. 1996-இல் கட்டணம் திரும்பி வந்ததும் நோயாளிகள் வருவது சரிந்துவிட்டது. நோய் குறைந்துவிட்டதா என்ன, கையில் காசில்லை. 1999-இல் பியும்பா, கப்காயி, கபுத்தாரே என்ற மூன்று மாவட்டங்களில் 54 நிதிகளைச் சோதனையாகத் தொடங்கினார்கள். ஏழு பேர் வரையுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 2,500 ருவாண்டா ஃபிராங்க். உறுப்பினர்களே கூடி விதி எழுதினார்கள், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சேர்ந்தவர்கள் சுகாதார நிலையத்துக்கு வந்தது மற்றவர்களைப்போலப் பல மடங்கு. ஆனால் முதல் ஆண்டு முடிவில் சேர்ந்திருந்தவர்கள் அந்த மாவட்டங்களின் மக்களில் சுமார் 8 விழுக்காடுதான். 2,500 ஃபிராங்கை ஒரே தடவையில் புரட்ட முடியாதவர்கள் வெளியே நின்றார்கள்.

நமக்குப் பாடம் இங்கேதான் இருக்கிறது. அந்த ஊர்களில் நம் சீட்டைப் போன்ற 'இபிமினா' குழுக்கள் பழக்கத்தில் உண்டு. வாரம் கொஞ்சம் என்று அங்கே சேர்த்துச் சந்தாவைக் கட்டலானார்கள். அது ஓரளவுக்கு உதவியது. ஆனால் சில ஆண்டுகளில் எண்ணிக்கையைப் பெரிதாகத் தூக்கியது அரசாங்கம். திட்டத்தை நாடு முழுக்கக் கொண்டுபோனது, பரம ஏழைகளின் சந்தாவை வெளிநாட்டு நிதியோடு சேர்ந்து தானே கட்டியது, 2008 வாக்கில் சட்டம் போட்டு எல்லாரும் ஏதாவது ஒரு காப்பீட்டில் இருந்தாக வேண்டும் என்றது. 2011-இல் குடும்பங்களின் வசதியைப் பொறுத்து ஆளுக்கு 2,000, 3,000, 7,000 ஃபிராங்க் என்று சந்தாவைப் பிரித்தது. யார் எந்தப் படி என்று முடிவு செய்ததில் ஊர்க்கூட்டத்துக்கும் பங்கு இருந்தது. அந்தச் சமயத்தில் நாட்டில் பத்துப் பேரில் ஒன்பது பேர் அளவுக்கு உள்ளே வந்துவிட்டார்கள். 2015-இல் நிர்வாகமே அரசின் சமூகப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போய்விட்டது. ஊர்க்காரர்கள் தொடங்கியதுதான், ஆனால் ஏழைக்காக அரசாங்கம் பணம் வைக்காமல் அது நாடு தழுவியிருக்காது. 'மக்களே பார்த்துக்கொள்வார்கள்' என்று எந்த அரசாவது கையைக் கழுவிக்கொள்ள இந்தத் திட்டங்களைக் காட்டினால் ஏற்காதீர்கள். உங்கள் ஆய்வேட்டில் இதை அழுத்தமாக எழுத வேண்டும் என்பது என் ஆசை.

அப்புறம் இன்னொரு இடம், எனக்கு மிகவும் பிடித்தது. அன்று ஸயர் என்றிருந்த இன்றைய காங்கோவின் வடமேற்கில் புவாமண்டா. அங்கே மாவட்ட ஆஸ்பத்திரி 1986-இல் ஒரு திட்டம் தொடங்கியது. ஆஸ்பத்திரிச் செலவில் 80 விழுக்காடு நிதி தரும், 20 விழுக்காடு நோயாளி தர வேண்டும். குடும்பத்தில் எல்லாரும் சேர வேண்டும். ஊர்ச் சுகாதார நிலையத்தில் காட்டி, அங்கிருந்து சீட்டு வாங்கி வந்தால்தான் ஆஸ்பத்திரியில் சலுகை. எனக்குப் பிடித்தது, சந்தா வசூலித்த நேரம். வருஷம் முழுக்க வாங்கவில்லை. விளைச்சல் விற்று ஜனங்களின் கையில் பணம் இருக்கும் சில வாரங்களில் மட்டும், சுகாதார நிலையத்திலேயே வாங்கினார்கள். முதல் ஆண்டில் மக்களில் கால் பங்குக்குச் சற்று அதிகம் சேர்ந்தார்கள், சில ஆண்டுகளில் பாதிக்கு மேல் ஆனது. ஸயரின் அரசு நிர்வாகம் நொறுங்கிக்கொண்டிருந்த காலத்தில் இது நடந்தது என்பதை நினைவில் வையுங்கள். அங்கேயும் ஒரு குறை இருந்தது: ஆஸ்பத்திரிக்குத் தூரமாக இருந்த ஊர்க்காரர்கள் அதே சந்தா கட்டிவிட்டுக் குறைவாகவே பயனடைந்தார்கள். உங்கள் ஊரிலிருந்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தால், பயணப்படியை உதவியில் தனியாகச் சேர்ப்பது நியாயம் என்று நான் சொல்வது இதனால்தான்.

எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் மாடு இருக்கிறது. சந்தாவைப் பால் பணத்தில் பிடித்துக்கொள்ளலாமா?
*வாசகி ஒருவர், கிருஷ்ணகிரி*

தாராளமாக, உறுப்பினர் கையெழுத்திட்டுச் சம்மதித்தால். எல்லைக்கு அந்தப்பக்கம் கர்நாடகத்தில் 2003-இல் தொடங்கிய யஷஸ்வினி திட்டம் கூட்டுறவுச் சங்கங்களின் வழியாகத்தான் விவசாயிகளைச் சேர்த்தது. அப்போது ஆண்டுக்கு 60 ரூபாய், மாதம் 5 ரூபாய்க் கணக்கு. முதல் ஆண்டிலேயே சுமார் 16 லட்சம் பேர். ஆனால் அது பெரும்பாலும் ஆபரேஷனுக்கான திட்டம், சாதாரணக் காய்ச்சலுக்கு அல்ல. 2018-இல் மாநிலத்தின் பொதுத் திட்டத்தில் கரைந்து, 2022-இல் மீண்டும் தனியாக வந்தது. நீங்கள் பிடித்தம் செய்தால் ஒன்றைக் கவனியுங்கள்: மாட்டை விற்றுவிட்ட வீடும் மாடே இல்லாத வீடும் விட்டுப்போகும். அவர்கள்தான் ஊரில் ஏழைகள். அவர்களிடம் நூறு நாள் வேலைக் கூலி வரும்போது நேரில் போய் வாங்க ஓர் ஆளைப் போடுங்கள்.

அட்டை இருந்தும் எங்கள் டவுன் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் 8,000 ரூபாய் முன்பணம் கட்டச் சொன்னார்கள். கடன் வாங்கிக் கட்டினோம். ரசீதும் தரவில்லை. என்ன செய்வது?
*வாசகர் ஒருவர், விருத்தாசலம்*

படித்ததும் மனம் பதைத்தது. திட்டத்தில் வரும் சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. சேர்ந்த தேதி, வார்டு, பணம் வாங்கிக்கொண்டவர் யார், எந்த நேரம், எல்லாவற்றையும் இன்றே ஒரு தாளில் எழுதுங்கள், நாளாக ஆக மறக்கும். டிஸ்சார்ஜ் சீட்டின் நகலோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்ட மாவட்ட அலுவலரிடம் மனு கொடுத்து, மனுவுக்கு ஒப்புகை வாங்குங்கள். புகார்களை விசாரிக்கக் கலெக்டர் தலைமையில் குழு உண்டு.

இனி யார் போனாலும் தனியாகப் போக விடாதீர்கள். சங்கத்தில் கொஞ்சம் தைரியமான, எழுதப் படிக்கத் தெரிந்த இருவரை இதற்கென்றே வையுங்கள். நோயாளியோடு ஒருவர் போய், காப்பீட்டு மேசையில் உள்ளவரிடம் 'இது திட்டத்தில் வருமா, வராதா' என்று கேட்டு, வராது என்றால் எழுதித் தரச் சொல்ல வேண்டும். அவருக்குப் பஸ் செலவும் அன்றைய கூலியும் நிதியிலிருந்து போகட்டும். என்னைக் கேட்டால் நிதி முதலில் செலவழிக்க வேண்டியதே அவருக்குத்தான்.

பிரசவத்தையும் சேர்க்கலாமா?
*வாசகி ஒருவர், ஜெயங்கொண்டம்*

முழுச் செலவாக வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் இலவசம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் வரை உதவியும் உண்டு. நிதியிலிருந்து, சிசேரியன் ஆனால் கூட இருக்கும் பெண்ணுக்குத் தினப்படி கொடுங்கள். அது சின்னத் தொகைதான். ஆனால் இளம் மருமகள்கள் உள்ள வீடுகள் அதைப் பார்த்துச் சேரும், நோய் குறைந்த வயதுக்காரர்கள் உள்ளே வருவது நிதிக்கும் நல்லது.

நிதிக்கு 'காப்பீடு' என்று பெயர் வைத்துப் பத்திரம் அச்சடிக்கலாமா? எந்த மாதம் வசூலைத் தொடங்கலாம்?
*கூட்டமைப்புச் செயலாளர் ஒருவர், அரூர்*

அச்சடிக்காதீர்கள் தம்பி. இந்தியாவில் காப்பீடு விற்க உரிமம் வேண்டும், உரிமத்துக்கு 100 கோடி ரூபாய் மூலதனம் வேண்டும். உங்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, சங்கத்தின் துணைவிதியில் 'உறுப்பினர் மருத்துவ உதவி நிதி' என்று சேர்த்து, இருப்புள்ள வரை, வரம்புக்குள் உதவி என்று தெளிவாக எழுதுவது. இன்னொன்று, கூடலூரில் செய்ததுபோல உரிமம் உள்ள நிறுவனத்தின் குழு பாலிசியை எல்லாருக்கும் சேர்த்து எடுப்பது. சுய உதவிக் குழுக்களும் தொண்டு நிறுவனங்களும் குறுங்காப்பீட்டு முகவராகலாம் என்று 2005 முதல் விதி இருக்கிறது. ஆயிரம் உறுப்பினருக்குக் கீழே என்றால் முதல் வழி, மேலே போனால் இரண்டாவதை விசாரியுங்கள் என்பது என் கருத்து.

வசூல் மாதம் உங்கள் ஊர்ப் பயிரைப் பொறுத்தது. அரூர் பக்கம் மரவள்ளியும் கரும்பும் என்றால் அவை வெட்டிப் பணம் வரும் மாதம். ஜூன் மட்டும் வேண்டாம், பள்ளிக்கூடச் செலவில் எல்லாரும் திணறும் நேரம். துணைவிதியின் வரைவை எழுதி முடித்ததும் இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். பார்த்துத் திருத்தித் தருகிறேன், பொதுவாகப் பயன்படும் பகுதிகளை அடுத்த இதழில் வெளியிடலாம்.